பெத்லகேம் கிணற்று நீரும் நம் ஆற்று மணலும்

தியானப் பகுதி: 2 சாமுவேல் 23:13–17, எரேமியா 22:13



சென்ற மாதம் நம் சபை மண்டபத்தின் கட்டடக் குழு கூடியபோது, சகோதரர் ஒருவர் தயங்கியவாறே ஒரு யோசனையை முன்வைத்தார். “ஐயா, ஆற்று மணல் கிடைக்கிறது. இரவில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். விலை பாதிதான். நடைச்சீட்டு மட்டும் கேட்கக் கூடாது.” அவர் உண்மையுள்ளவர், நீங்கள் வியர்வை சிந்திக் கொடுத்த காணிக்கையைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். எனினும் அந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தாவீதின் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவம் நினைவில் எழுந்து நின்றது.

அதுல்லாம் கெபியில் இருந்த தாவீது, பெத்லகேமின் ஒலிமுகவாசலில் இருந்த கிணற்று நீருக்காக ஏங்கினார். மூன்று பராக்கிரமசாலிகள் பெலிஸ்தரின் பாளயத்தைக் கடந்து சென்று அதை மொண்டு வந்தார்கள். தாவீதோ அதைக் குடிக்கவில்லை. உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த நீர் அவருக்கு இரத்தமாகவே தெரிந்தது. அதைக் கர்த்தருக்கென்று ஊற்றிவிட்டார்.

நம் கைக்கு வரும் மணலையும் இவ்வாறு பார்க்க வேண்டாமா?

ஜவ்வாது மலையில் பிறந்து, செண்பகத்தோப்பு அணையைக் கடந்து, நம் ஆரணியைத் தொட்டுச் செல்லும் கமண்டல நாகநதி, செய்யாற்றோடு கலந்து பாலாற்றைச் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி இந்த ஆறுகள் வறண்டே கிடக்கின்றன. எனினும் வறண்ட ஆறு செத்த ஆறு அல்ல. மணற்படுகை ஒரு பஞ்சைப் போன்றது. வெள்ளம் வடிந்த பின்னும் மணல் துகள்களுக்கு இடையே நீர் தங்கி, மெல்லக் கசிந்து, கரையோரக் கிணறுகளுக்குப் போய்ச் சேர்கிறது. பாலாற்றுப் படுகையிலிருந்து ஊற்றுக்கால்கள் வெட்டி வயல்களுக்குப் பாய்ச்சிய முன்னோர் இந்த இரகசியத்தை அறிந்திருந்தார்கள். நம் சபையின் முதிய தாயார் ஒருவர், சித்திரை வெயிலிலும் ஆற்றில் கையால் ஊற்றுப் பறித்துக் குடம் நிறைத்த நாட்களை எனக்குச் சொல்லியிருக்கிறார்.

பொக்லைன் இயந்திரம் அந்தப் பஞ்சை அள்ளிச் செல்லும்போது களிமண்ணும் பாறையுமே மிஞ்சுகின்றன. அடுத்த வெள்ளம் தங்க இடமின்றி ஓடிவிடுகிறது. கிணறுகள் வற்றுகின்றன, பாலத் தூண்களின் அடித்தளம் வெளியே தெரிகிறது, கரை சரிகிறது. ஓர் இரவில் அள்ளிய மணலை மலை அரைத்துத் தருவதற்கு ஒரு மனிதனின் ஆயுள் போதாது.

நெசவாளர்களாகிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பட்டு நூலின் பசை நீக்கவும் சாயம் தோய்க்கவும் அலசவும் நல்ல நீர் வேண்டும். கிணறு வற்றி, ஆழ்துளைக் கிணற்றின் உவர்நீரை நம்பும்போது சோப்பு நுரைப்பதில்லை. நூலின் பளபளப்பு மங்குகிறது. சாயம் ஒரே சீராய் ஏறுவதில்லை. ஆற்றில் ஒருவன் அள்ளிய மணலின் விலையைத் தறியில் அமர்ந்திருக்கும் மற்றொருவன் செலுத்துகிறான்.

விலை இத்துடன் முடியவில்லை. தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தலைக் குறித்துக் காவல்துறையில் புகார் அளித்திருந்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், 2023 ஏப்ரல் 25 அன்று தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் இருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தம் கடமையைச் செய்த ஒரு மனிதனின் இரத்தம் அது. சீட்டில்லாத மணலைக் குறைந்த விலைக்கு வாங்கும் ஒவ்வொருவரும் அந்த வியாபாரத்தை வாழவைக்கிறோம்.

மணல் சட்டப்படி ஒரு கனிமம். அதை அள்ளுவதும் சுரங்கத் தொழிலே. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த பரப்பில் அள்ளுவதற்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் கூறியது. உலகம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 5,000 கோடி டன் மணலும் சரளையும் பயன்படுத்துவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2022இல் கணக்கிட்டது. அந்தப் பெருங்கணக்கில் நம் மண்டபத்தின் சில யூனிட்டுகளும் அடங்கும்.

“அப்படியானால் எம்-சாண்ட் வாங்கினால் குற்றமில்லையே?” என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் ஒரு மலையை உடைத்தே வருகிறது. குவாரி வெடியில் சுவர் விரியும் வீடுகளும், கல்தூசியைச் சுவாசிக்கும் தொழிலாளரும் அங்கே இருக்கிறார்கள். ஆகவே எதை வாங்கலாம் என்று கேட்பதற்கு முன், எவ்வளவு போதும் என்று கேட்பதே நேர்மை. இரவில் மாட்டு வண்டி ஓட்டிப் பிடிபடும் ஏழையை மட்டும் நான் கடிந்துகொள்ள மாட்டேன். தறியில் வேலை குறைந்தபோது அவனுக்கு வேறு வழி காட்டாத நாமும், அவனிடம் வாங்குகிற நாமும் அவனோடு கூண்டில் நிற்கிறோம். அநீதியினால் வீடு கட்டுகிறவனுக்கு ஐயோ என்று எரேமியா ஒரு ராஜாவின் அரண்மனையைப் பார்த்தே உரைத்தார். ஆலய மண்டபம் அதற்கு விதிவிலக்காகுமா?

கட்டடக் குழுவில் என் கருத்தைச் சொன்னேன்; நீண்ட உரையாடலுக்குப் பின் அனைவரும் இசைந்தார்கள். நடைச்சீட்டு இல்லாத ஒரு கூடை மணலும் நம் வளாகத்தில் இறங்காது. மண்டபத்தின் அளவைக் குறைக்கிறோம். பழைய கட்டடத்தின் கல்லையும் செங்கல்லையும் மறுபடி பயன்படுத்துகிறோம். திறப்பு விழா கிறிஸ்துமஸுக்கு அல்ல, ஒருவேளை அடுத்த ஆண்டின் அறுப்புப் பண்டிகைக்கு நடக்கலாம். யோசனை சொன்ன அதே சகோதரர்தான் சீட்டுகளைச் சரிபார்க்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தேவனுக்கு ஸ்தோத்திரம்.

பிரியமானவர்களே, உங்களில் வீடு கட்டுகிறவர்கள் இந்த வாரம் மேஸ்திரியிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “இந்த மணல் எங்கிருந்து வருகிறது?” பதில் சொல்லத் தயங்கினால், தாவீதைப் போலக் கையிலிருப்பதை ஊற்றிவிடும் துணிவு உங்களுக்கு உண்டாகட்டும்.

ஜெபம்: ஆறுகளைப் படைத்த ஆண்டவரே, பிறருடைய தாகத்தின்மேல் எங்கள் வீடுகளைக் கட்டாதபடி எங்களைக் காத்தருளும். ஆமென்.