பட்ஜெட்டுக்கு என்ன கலர் பார்டர்?

ஒரு சின்ன டெஸ்ட். 2025 பிப்ரவரி 1-ம் தேதி நிர்மலா சீதாராமன் பட்ஜெட் வாசித்தபோது என்ன புடவை கட்டியிருந்தார்? பலருக்குச் சட்டென்று வந்துவிடும். மதுபனி ஓவியம் போட்ட வெள்ளைப் புடவை. ஓவியர் துலாரி தேவி பரிசாகத் தந்தது. சரி, அதே பட்ஜெட்டில் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு? 12 லட்சம் வரை வருமான வரி கிடையாது என்பது ஞாபகம் இருக்கும், அது நம் பர்ஸ். மற்றதற்குத் தலையைச் சொறிகிறோம். பேப்பர் எதைத் திரும்பத் திரும்பப் போடுகிறதோ அதுதானே மனசில் நிற்கும்?

முழுநேர நிதியமைச்சரான முதல் பெண் அவர். 2019 ஜூலையில் முதல் பட்ஜெட் அன்றே இது ஆரம்பித்துவிட்டது. ரோஸ் கலர் மங்களகிரிப் புடவை பற்றி விலாவாரியாக எழுதினார்கள். பெட்ரோல், டீசலுக்கு வரியும் செஸ்ஸுமாக லிட்டருக்கு 2 ரூபாய் ஏறியதும் அதே பட்ஜெட்டில்தான். அப்புறம் வருடா வருடம் புடவைச் செய்தி வழக்கமாகிவிட்டது. போன வருடம் எந்த மாநில நெசவு, அதற்கு முந்தின வருடம் எது என்று போட்டோ வரிசை வேறு. ப.சிதம்பரம் வெள்ளை வேட்டி சட்டையில் எத்தனை பட்ஜெட் வாசித்தார்! அந்த வேட்டி எந்த ஊர்த் தறி, கரை எத்தனை அங்குலம் என்று ஒரு பெட்டிச் செய்தியாவது படித்திருக்கிறீர்களா?

'அவரே யோசித்துத்தானே கட்டிக்கொண்டு வருகிறார், எழுதினால் என்ன தப்பு?' என்பீர்கள். நியாயமான கேள்வி. துலாரி தேவி பீகார்க்காரர். அந்த வருடம் பீகாரில் தேர்தல். பட்ஜெட்டில் பீகாருக்கு மக்கானா வாரியம் உட்படப் பல அறிவிப்புகள். இதையெல்லாம் சேர்த்துவைத்துக் கேள்வி கேட்டால் புடவையும் அரசியல் செய்திதான். சிலர் கேட்கவும் செய்தார்கள். 2015-ல் மோடி தன் பெயரையே கோடு கோடாக நெய்த கோட்டுடன் ஒபாமாவைச் சந்தித்தபோது பேப்பர்கள் அப்படித்தான் கேட்டன. ஆனால் பெண்ணின் உடை என்றால், பெரும்பாலும் அது அழகுக் குறிப்போடு முடிந்துவிடுகிறது.

இது ஒரு கட்சிக்கோ ஒரு நாட்டுக்கோ உரிய வியாதி அல்ல. 2011 ஜூலையில் பாகிஸ்தானின் முதல் பெண் வெளியுறவு அமைச்சர் ஹினா ரப்பானி கர் டெல்லி வந்தார். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு உறைந்து கிடந்த பேச்சுவார்த்தை மெல்ல நகர ஆரம்பித்த நேரம். நம் பேப்பர்கள் மாய்ந்து மாய்ந்து எழுதியது அவருடைய பிர்கின் கைப்பை, முத்துமாலை, கூலிங் கிளாஸ் பற்றி. காஷ்மீரில் எல்லைக் கோட்டைத் தாண்டி நடக்கும் வியாபாரத்தை வாரம் 2 நாளிலிருந்து 4 நாளாக்க இரு அரசுகளும் ஒப்புக்கொண்ட செய்தி, அந்தக் கைப்பைக்குள் காணாமல் போனது.

லண்டனும் லேசுப்பட்டதில்லை. 2017 மார்ச் 28-ம் தேதி 'டெய்லி மெயில்' முதல் பக்கத்தில் பிரதமர் தெரசா மேயும் ஸ்காட்லாந்து முதல் அமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜனும் உட்கார்ந்திருக்கும் படம். ஐரோப்பிய யூனியனிலிருந்து விலகும் கடிதத்தை பிரிட்டன் மறுநாள் கொடுக்கப்போகிறது. ஸ்காட்லாந்தோ, தனியாகப் போவதற்கு இன்னொரு வாக்கெடுப்பு கேட்கிறது. தலைப்பு என்ன தெரியுமா? பிரெக்ஸிட் கிடக்கட்டும், யார் கால் ஜெயித்தது என்பதுதான்!

இதில் பெண்களுக்கு அவமானம் என்பது பாதிதான். மீதிப் பாதி நமக்கு நஷ்டம். புடவையை மெச்சும் நேரத்தில் பேப்பர் கேள்வி கேட்பதில்லை. ஒரு அமைச்சருக்கு அதைவிட சௌகரியம் உண்டா? பதவியில் இருக்கும் பெண்ணுக்குப் பத்திரிகை தர வேண்டிய மரியாதை, ஆண் அமைச்சரைக் குடையும் அதே கேள்விகளால் அவரையும் குடைவதுதான்.

அடுத்த பட்ஜெட்டுக்கு மறுநாள் உங்கள் பேப்பரில் புடவைச் செய்தி வந்தால், ஆசிரியருக்கு ஒரு கார்டு போடுங்கள். 'பார்டர் பிரமாதம். என் வரிப் பணம் எங்கே போகிறது என்று எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள்?'