காருக்கு 20 நிமிடப் பொறுமை!

அவசரம் ஆளைக் கெடுக்கும் என்பார்கள். அது காரையும் கெடுக்கும்!

அமெரிக்காவில் பழைய கார் மீது ஆசை கொண்டவர்கள் ஏராளம். 1955-ம் ஆண்டில் வெளிவந்த 8 சிலிண்டர் "செவர்லே" என்ஜின் என்றால் அவர்களுக்கு உயிர். அந்த ரக என்ஜின் உள்ள பழைய காரை வாங்கி, வீட்டுக் கொட்டகையில் நிறுத்துகிறார்கள். தகப்பனும் மகனும் சேர்ந்து என்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறார்கள். வேகம் கூட்டுவதற்காகப் புதிய "காம் ஷாப்டு" போடுகிறார்கள்.

பல மாதச் சேமிப்பு அதில் அடங்கி இருக்கிறது. ஆனால், என்ஜின் ஓடிய முதல் 20 நிமிடத்திலேயே அது பாழாகிவிடுவது உண்டு.

உடனே, "கடைக்காரன் மட்டமான சாமானைக் கொடுத்துவிட்டான்" என்று பழி போடுகிறார்கள். சாமானில் குற்றம் இருப்பதும் உண்டு. ஆனால், முதலில் யோசிக்க வேண்டியது அந்த 20 நிமிடத்தைப் பற்றித்தான்.

"காம் ஷாப்டு" என்றால் என்ன?

என்ஜினுக்குள் படுத்த நிலையில் சுழலும் தண்டு அது. இந்த என்ஜினில் அதன்மேல் முட்டை வடிவத்தில் 16 மேடுகள் உண்டு. ஒவ்வொரு மேட்டின் மீதும் "டாப்பெட்" என்ற சிறிய இரும்புத் துண்டு உட்கார்ந்து இருக்கும். மேடு சுழன்று வரும்போது டாப்பெட் எழும்பும், வால்வு திறக்கும். மேடு கடந்ததும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும்.

வேகத்துக்காகச் செய்த காம் ஷாப்டில் மேட்டின் உயரம் அதிகம். ஸ்பிரிங்கும் முரட்டு ஸ்பிரிங். ஆகவே, மேட்டின் மீது விழும் அழுத்தமும் அதிகம்.

டாப்பெட்டின் அடிப்பாகம் பார்வைக்குத் தட்டையாகத் தெரியும். உண்மையில் அது மிக லேசாகப் புடைத்து இருக்கும். மேடும் லேசாகச் சாய்ந்து இருக்கும். அதனால் டாப்பெட் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். தேய்மானம் ஒரே இடத்தில் விழாது.

அது சுற்றாமல் நின்றுவிட்டால்? அரம் வைத்து ராவியதுபோல மேடு தேய்ந்துவிடும். அந்த இரும்புத்தூள் ஆயிலில் கலந்து என்ஜின் முழுவதும் பரவும். பிறகு எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதுதான்.

மெதுவாக ஓட்டினால் ஆபத்து!

புது சாமானை மெதுவாக ஓட்டுவதே நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அது தவறு.

கீழே சுழலும் "கிராங்க் ஷாப்டு" வாரி இறைக்கும் ஆயில்தான் காம் ஷாப்டின் மேடுகளை நனைக்கிறது. மெதுவாக ஓடினால் ஆயில் போதுமான அளவு தெறிக்காது.

ஆகவே, என்ஜின் கிளம்பியதும் நிமிடத்துக்கு 2,000 சுற்று என்ற வேகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு 1,500-க்கும் 2,500-க்கும் இடையே ஏற்றி இறக்கி, 20 முதல் 30 நிமிடம் ஓட்ட வேண்டும்.

இதற்கு முன்னேற்பாடு தேவை. மேடுகளில் "மாலிப்டினம்" கலந்த பசையைத் தடவ வேண்டும். டாப்பெட்டுகளும் புதியவையாக இருக்க வேண்டும். என்ஜினை ஓட்டும் முன்பே ஆயில் பம்பைச் சுழற்றி, எல்லா இடத்துக்கும் ஆயிலை ஏற்ற வேண்டும். ரேடியேட்டரில் தண்ணீர், கார்புரேட்டரில் பெட்ரோல், எல்லாம் தயாராக இருக்க வேண்டும். கிளம்பாத என்ஜினைத் திரும்பத் திரும்பச் சுழற்றினால், தடவிய பசை வழிக்கப்பட்டுவிடும்.

ஓட்டி முடித்ததும் ஆயிலையும் பில்டரையும் மாற்றிவிட வேண்டும்.

"அந்தக் காலத்தில் ஏது?"

"அந்தக் காலத்தில் இத்தனை சடங்கு ஏது?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், தொழிற்சாலையில் போட்டது இத்தனை முரட்டு ஸ்பிரிங் அல்ல. ஆயிலும் மாறிவிட்டது. தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் மருந்து, புகையைச் சுத்தம் செய்யும் கருவியைக் கெடுக்கிறது. ஆகவே, 2004-ம் ஆண்டு வந்த விதிப்படி, கார்களுக்கான பல ரக ஆயில்களில் பாஸ்பரஸ் அளவு 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. காற்று சுத்தமாக இருக்க அது நல்லதுதான். ஆனால், பழைய என்ஜினுக்கு அதற்கென்று உள்ள ஆயிலைக் கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

உருளை வைத்த டாப்பெட் உள்ள என்ஜின்களுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே மேட்டின் மீது உருளை உருண்டு போகும், உரசாது.

பொறுப்பு யாருக்கு?

மெக்கானிக்குக்கு மட்டும் அல்ல, சொந்தக்காரருக்கும்தான். "இன்று மாலைக்குள் கார் வேண்டும்" என்று நெருக்கினால், மெக்கானிக் எதையாவது விட்டுவிடுவார். "சத்தத்தைக் கேட்போம்" என்று பாதி வேலையில் சாவியைத் திருப்பினால், நஷ்டம் சொந்தக்காரருக்கே.

பல மாதம் காத்திருந்து பணம் சேர்த்தவருக்கு, இன்னும் ஒரு நாள் காத்திருப்பது பெரிய காரியமா?

எல்லாம் தயாரான பிறகே சாவியைத் தொடட்டும். சேர்த்த பணமும் மிஞ்சும். தகப்பனும் மகனும் பட்ட பாடும் வீணாகாது.