‘ஆட்டோ’வை அமத்துறதுக்கு முதல்



ஆர்ப்பாட்டம் முடிஞ்ச அண்டைக்கு இரவே படங்கள் வெளியில போகவேணும். அவசரத்தில எல்லாரும் எடிட்டிங் மென்பொருளில முதல் அமத்துறது ‘ஆட்டோ’. ஒரு நொடியில படம் ‘சரி’யாகிவிடும். ஆரின்ர சரி எண்டதுதான் என்ர கேள்வி. நிறத் திருத்தம் வெறும் தொழில்நுட்ப வேலை எண்டு சொல்லுற ஆக்களோட எனக்கு உடன்பாடில்லை.

1950களில் கோடாக் நிறுவனம் பிலிம் கழுவும் கூடங்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பத் தொடங்கியது. அதில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண். முதலில் மாதிரியாக நின்ற ஊழியரின் பெயரால் அதை ‘ஷெர்லி அட்டை’ என்பார்கள். அவவின்ர தோல் ஒழுங்கா வந்தால் இயந்திரம் சரி. கறுப்புப் பிள்ளைகளின் முகங்கள் வகுப்புப் படங்களில் இருட்டாகிப் போனது நிறுவனத்துக்குப் பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. சாக்லேட் கம்பனிகளும் மரத் தளபாடக் கம்பனிகளும் தங்கட பொருளின் பழுப்பு நிறங்கள் பிரிஞ்சு தெரியவில்லை எண்டு முறையிட்ட பிறகுதான் பிலிமைத் திருத்துற வேலை சூடு பிடிச்சது. மனிச முகத்தை விட மேசைக்கு மதிப்பு. முதலாளித்துவத்துக்கு இதை விட விளக்கம் வேணுமோ?

பிலிம் போயிட்டுது, பழக்கம் போகவில்லை. கமரா ஒளியை அளக்கும்போது, காட்சி முழுக்கச் சராசரியில் நடுத்தரச் சாம்பல் எண்டு எடுத்துக்கொள்ளும். ரொறன்ரோப் பனியில, வெள்ளைப் பதாகைக்கு முன்னால ஒரு கறுத்த அம்மா நிக்கிறா எண்டு வையுங்கோ. கமரா வெள்ளையை அடக்கும், அம்மாவின்ர முகம் கரியாகும். பிறகு எடிட் பண்ணுற பிள்ளை ஸ்லைடரை இழுக்க, அவ நேரே மாநிறத்துக்கு வந்து நிப்பா. அவவின்ர சொந்த நிறம் இரண்டிலயும் இல்லை. கலியாண அல்பத்தில பொம்பிளையை வெளுப்பாக்கிறதைக் கண்டிச்சு அறிக்கை விடுற அமைப்புகளின்ர போஸ்டரிலயும் இதே ஸ்லைடர்தான் ஓடுது.

இதுக்கு மென்பொருளுக்குள்ளயே நல்ல கருவி இருக்கு. வீடியோ மென்பொருளின் வெக்டர்ஸ்கோப்பில் தோலுக்கெண்டு ஒரு கோடு உண்டு. வெள்ளையர், கறுப்பர், நாங்கள், எல்லாரின்ர தோலும் ஏறக்குறைய அந்தக் கோட்டுக்குக் கிட்டத்தான் விழும். நிறச்சாயலில் எங்களுக்குள்ள பெரிய வித்தியாசம் இல்லை. வெளிச்ச அளவில்தான் கூடுதலாக வேறுபடுகிறோம். ஆகவே மண்டப டியூப்லைட்டின் பச்சையையும் தெருவிளக்கின் மஞ்சளையும் வைட் பேலன்ஸில் எடுங்கோ. கமரா இருட்டாக்கின முகத்தை அதின்ர சொந்த அளவுக்கு மட்டும் உயர்த்துங்கோ. பக்கத்தில நிக்கிற வெள்ளைத் தோழரின் முகம் அளவுகோல் இல்லை.

கலர் புரொஃபைல் விசயம் சின்னதுதான், ஆனால் அடிக்கடி பிழைக்கிறது. கோப்பில் உள்ள எண்கள் எந்த நிறத்தைக் குறிக்கின்றன எண்டு சொல்லுறதுதான் புரொஃபைல். அடோபி ஆர்ஜிபியில் இருக்கிற படத்தை அது இல்லாமல் அனுப்பினால், போன் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி எண்டு எடுத்துக்கொண்டு செறிவைக் குறைச்சுக் காட்டும். பழுப்புத் தோல் சாம்பல் தட்டிப்போகும். இணையத்துக்கு எண்டால் எஸ்ஆர்ஜிபிக்கு ‘கன்வெர்ட்’ பண்ணி, புரொஃபைலைக் கோப்போட சேர்த்து அனுப்புங்கோ. ‘அசைன்’ வேண்டாம், அது எண்களை அப்படியே விட்டுட்டு அவற்றின்ர அர்த்தத்தை மாத்திவிடும். போஸ்டருக்கு அச்சகத்தின்ர சிஎம்ஒய்கே புரொஃபைலை முன்கூட்டியே கேட்டு, ஒரு மாதிரிப் பிரதி எடுத்துப் பாருங்கோ. கறுத்த முகங்களின் நிழல் பகுதி மையில் அடைபடுறது அங்கதான் தெரியும்.

எங்கட படக்குழுவுக்கு என்ர முன்மொழிவு: முகத்துக்கு ஒளி அளந்து, ரோவில் எடுக்கவேணும், முகங்களில் ‘ஆட்டோ’வும் அழகூட்டும் ஃபில்டரும் கூடாது, பெரிசாகப் போடுற முகம் எண்டால், வெளியிட முதல் அந்த ஆளுக்குக் காட்டவேணும். “கொஞ்சம் வெளுப்பாக்கு மோனை” எண்டு அம்மா கேட்டால் என்ன செய்யிறது எண்டு ஒரு தோழி கேட்டா. அவவோட இருந்து கதைக்கவேணும். அதுக்குப் பிறகும் கேட்டால் முடிவு அவவோடது, மென்பொருளினதல்ல. ஒரு படத்துக்குப் பத்து நிமிசம் கூடப் போகும். அடுத்த கூட்டத்தில இதை எடுப்பம்.