அகலக்கால் வைத்த ஸ்போர்ட்ஸ் கார்கள்

கெடா மாநிலம் கூலிமில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் 2022ஆம் ஆண்டு முதல் போர்ஷே கயென் கார்கள் பொருத்தப்பட்டு வருகின்றன. ஐரோப்பாவுக்கு வெளியே போர்ஷே கார் பொருத்தப்பட்டது அதுவே முதல் முறை. நமக்கு அது பெருமைதான். ஆனால், போர்ஷே என்றதும் நம் கண்முன் வரும் தாழ்வான, இரண்டு கதவுகள் கொண்ட 911 அங்கே உருவாவதில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அப்படியே சந்தைக்கும் போய் வரக்கூடிய உயரமான எஸ்யூவிதான் உருவாகிறது.

மற்ற நிறுவனங்களும் இதே பாதையில்தான் போகின்றன. லம்போர்கினி 2017இல் உருஸை அறிமுகம் செய்தது. ஆஸ்டன் மார்டினின் டிபிஎக்ஸ் 2020இல் விற்பனைக்கு வந்தது. நெடுங்காலம் மறுத்து வந்த ஃபெராரியும் 2022இல் நான்கு கதவுகள் கொண்ட புரோசாங்குவேயை வெளியிட்டது. வேகத்துக்குப் பெயர் போன நிறுவனங்கள் குடும்பக் கார் செய்ய வருவது பேராசையா, பிழைப்பா?

பிழைக்க வந்த வழி

தொடக்கத்தில் அது பிழைப்புதான். 1980களின் நடுவில் ஆண்டுக்கு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைத் தயாரித்த போர்ஷே, 1990களின் தொடக்கத்தில் 20 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. நிறுவனம் கைமாறிவிடும் என்றுகூடப் பேசப்பட்டது.

ஸ்போர்ட்ஸ் காரின் கணக்கு கடினமானது. எஞ்சின் வடிவமைப்பு, பாதுகாப்புச் சோதனை, தொழிற்சாலை ஆகியவற்றுக்கான செலவு, பத்தாயிரம் கார் விற்றாலும் ஒரு லட்சம் விற்றாலும் பெரிதாக மாறுவதில்லை. குறைவாக விற்றால், அந்தச் சுமை ஒவ்வொரு காரின் மீதும் கூடுதலாக விழுகிறது.

எனவே போர்ஷே, வோல்க்ஸ்வேகனோடு சேர்ந்து ஒரே அடித்தளத்தில் இரண்டு கார்களை உருவாக்கியது. வோல்க்ஸ்வேகனுக்குத் துவாரெக், போர்ஷேவுக்குக் கயென். கயென் 2002இல் வந்தபோது ரசிகர்கள் பலர் முகம் சுளித்தனர். ஆனால் வாங்குவோர் வரிசையில் நின்றனர். பிறகு 2009இல் பனமேரா, 2014இல் மக்கான், 2019இல் மின்சார டைக்கான் என்று குடும்பம் பெருகியது. 2024இல் போர்ஷே விற்ற 310,718 கார்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு கயெனும் மக்கானும்தான். ஆறில் ஒன்றுதான் 911.

ரசிகர்கள் திட்டிய எஸ்யூவியே 911க்குச் சோறு போட்டது என்று சொன்னால் மிகையாகாது. கதை இதோடு முடிந்திருந்தால், பாடநூலில் சேர்க்க வேண்டிய வெற்றிக் கதை.

ஒப்பிட முடியாத கார், ஒப்பிடக்கூடிய கார்

911ஐ வாங்குபவர் அதை வேறொரு காரோடு ஒப்பிட்டுப் பேரம் பார்ப்பது குறைவு. அவர் வாங்குவது அந்த வடிவத்தையும் 60 ஆண்டு வரலாற்றையும். குடும்பக் காருக்கு அந்தச் சலுகை கிடையாது. இடவசதி எவ்வளவு, திரை எப்படி இருக்கிறது, ஒருமுறை மின்னேற்றினால் எவ்வளவு தூரம் ஓடும், விலை என்ன என்று எல்லாக் கேள்விகளும் எழும். தனக்கே உரிய ஆடுகளத்தை விட்டு, எல்லாரும் ஆடும் களத்துக்கு வந்தால் எல்லாரோடும் மோதித்தான் ஆக வேண்டும்.

சீனாவில் நடந்தது அதுதான். 2021இல் போர்ஷே அங்கு 95,671 கார்களை விற்றது. அதன் உலக விற்பனையில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 2024இல் அந்த எண்ணிக்கை 56,887 ஆகச் சரிந்தது. சீனப் பொருளாதாரத்தின் மந்தநிலை ஒரு காரணம். உள்ளூர் மின்சாரக் கார்கள் இன்னொரு காரணம். நம்மில் பலர் கைப்பேசிக்காக அறிந்த சியோமி, 2024 மார்ச்சில் எஸ்யு7 என்ற மின்சார செடானை வெளியிட்டது. விலை டைக்கானின் விலையில் பாதிகூட இல்லை. அந்த ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது.

அதே 2024இல் டைக்கானின் உலக விற்பனை 40,629இலிருந்து 20,836 ஆக, ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கயென் தாக்குப்பிடித்தது, உயரவும் செய்தது. 911 விற்பனையும் சற்றே ஏறியது.

2025இன் முதல் ஒன்பது மாதங்களில் போர்ஷேயின் செயல்பாட்டு லாபம் வெறும் 4 கோடி யூரோ. முந்தைய ஆண்டு இதே காலத்தில் அது 400 கோடியைத் தாண்டியிருந்தது. மின்சாரக் கார் திட்டங்களை மாற்றியமைத்த செலவுதான் இதில் பெரும்பங்கு. அமெரிக்க இறக்குமதி வரியும் சீனச் சரிவும் அதோடு சேர்ந்துகொண்டன. ஜெர்மனியில் 2029க்குள் 1,900 வேலைகளைக் குறைக்கப்போவதாக நிறுவனம் அறிவித்துள்ளது.

ஃபெராரி போட்ட கோடு

ஃபெராரியும் அதே களத்துக்கு வந்தது, ஆனால் வாசலிலேயே ஒரு கோடு போட்டுக்கொண்டது. புரோசாங்குவே மொத்த உற்பத்தியில் 20 விழுக்காட்டைத் தாண்டாது என்பதே அந்தக் கோடு. 2024இல் ஃபெராரி விற்ற கார்கள் 13,752 மட்டுமே. ஆனால் வருவாயில் சுமார் 28 விழுக்காடு செயல்பாட்டு லாபம். போர்ஷேக்கு அந்த ஆண்டு சுமார் 14.

எல்லாரும் ஃபெராரி ஆக முடியாது என்பது உண்மை. போர்ஷே 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை கொடுக்கும் நிறுவனம். ஆனால் வளர்வதற்கு முன்பே எல்லையைத் தீர்மானிப்பதற்கும், சந்தை தள்ளிவிட்ட பிறகு எல்லையைத் தேடுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. அகலக்கால் வைக்காதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது நடக்காதே என்பதற்காக அல்ல. காலை எவ்வளவு தூரம் எட்டி வைக்கலாம் என்பதை முதலில் பார் என்பதற்காக.

நமக்கு நெருக்கமான கதை

லோட்டஸின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அந்தப் பிரிட்டிஷ் நிறுவனத்தை 1996இல் வாங்கியது நம் புரோட்டோன். 2017இல் அதன் பெரும்பான்மைப் பங்கு சீனாவின் ஜீலிக்குச் சென்றது. எடை குறைந்த சிறிய கார்களுக்குப் பெயர் பெற்ற லோட்டஸ், இப்போது வூஹானில் எலெட்ரே என்ற கனமான மின்சார எஸ்யூவியைத் தயாரிக்கிறது. பிரிட்டனில் 550 வேலைகள் வரை குறைக்கும் திட்டத்தை அது 2025இல் அறிவித்தது. பெயர் பிழைத்தது. அந்தப் பெயரை உருவாக்கிய ஊருக்கு அதே உறுதி கிடைக்கவில்லை.

பொறியியல், வணிகம், வடிவமைப்பு படிக்க நினைக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கூலிமில் கார் பொருத்துவது நல்ல தொடக்கம். ஆனால் எந்தக் காரைச் செய்வது, எத்தனை செய்வது, எப்போது நிறுத்துவது என்ற முடிவுகள் ஜெர்மனியில் எடுக்கப்படுகின்றன. மின்சார மக்கான் தாமதமாக வந்ததற்கு முக்கியக் காரணம் எஞ்சினோ சக்கரமோ அல்ல, மென்பொருள். அந்தத் திறன் பெரிய தொழிற்சாலை இருக்கும் நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. நம் விரிவுரை அறைகளிலும் அதை வளர்க்கலாம். அடுத்த முறை ஒரு பெரிய நிறுவனம் இங்கே வரும்போது, எத்தனை வேலை தருகிறீர்கள் என்பதோடு, எந்த வேலையைத் தருகிறீர்கள் என்றும் கேட்கும் தகுதி நமக்கு இருக்க வேண்டும்.