காப்பீட்டு அட்டை இருந்தும் கைக்காசு செலவாகும் நிலையை மாற்றக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்,
கட்டுமானத் தொழிலாளர் சங்க மாவட்டக் குழு.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

பொருள்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் – தொழிலாளர் குடும்பங்களுக்குத் தடையின்றிக் கிடைக்கச் செய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

2012-ல் தொடங்கி, 2018-ல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்ட இத்திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெற வழி செய்கிறது. இதய அறுவை சிகிச்சை, டயாலிசிஸ் என இதனால் உயிர் பிழைத்தவர்கள் எங்கள் சங்கத்திலேயே உண்டு. அவர்கள் பெற்ற பயன் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்த எங்கள் உறுப்பினர் ஒருவரை, வெள்ளிக்கிழமை இரவு தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். அட்டையை நீட்டியதும், “இன்சூரன்ஸ் கவுன்டரில் ஆள் இல்லை, அப்ரூவல் வரும்வரை அட்வான்ஸ் கட்டுங்கள்” என்றார்கள். மறுநாள் காலை அவர் மனைவியின் தோடு அடகுக் கடைக்குப் போனது. அப்ரூவல் வந்த பிறகும் அந்தப் பணம் திரும்பவில்லை. ரசீது கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் தொகையை எழுதித் தந்தார்கள்.

எனவே நாங்கள் கோருவது:

1. ஆண்டு வருமான வரம்பு ரூ.1,20,000; அதாவது மாதம் ரூ.10,000. கொத்தனாரும் சித்தாளுமாகக் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால், மழைக்காலத்தில் வேலையே இல்லாத வீடும் கணக்கில் இந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. வரம்பை உயர்த்த வேண்டும். நல வாரிய அட்டை உள்ளவர்களிடம் வருமானச் சான்று கேட்கக் கூடாது.

2. சான்றுக்கு ஒருநாள், பதிவுக்கு ஒருநாள் எனக் கூலி போகிறது. ஊராட்சிகளிலும் வார்டுகளிலும் ஞாயிற்றுக்கிழமைப் பதிவு முகாம்கள் நடத்த வேண்டும்.

3. திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் காப்பீட்டு உதவியாளர் இரவு பகல் இருக்க வேண்டும். அவசரச் சிகிச்சைக்கு முன்பணம் வாங்கத் தடை விதிக்க வேண்டும். கட்டணமில்லாச் சிகிச்சைகளின் பட்டியலை வாசலிலேயே தமிழில் வைக்க வேண்டும். அனுமதி மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

4. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் ஆகும் மருந்துச் செலவு இந்தக் காப்பீட்டில் வராது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்கள் வீடு தேடி வரும்போது தொழிலாளி சைட்டில் இருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாலை நேரப் பரிசோதனையும் மருந்து வழங்கலும் வேண்டும்.

5. புகார்களை மாதம் ஒருமுறை விசாரித்து, முறைகேடாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தரச் செய்ய, தொழிற்சங்கப் பிரதிநிதிகள் இடம்பெறும் மாவட்டக் குழு அமைக்க வேண்டும்.

முன்பணத் தடைக்கும் தமிழ்ப் பட்டியலுக்கும் பெரிய நிதி தேவையில்லை. தங்கள் உத்தரவு ஒன்றே போதும். அதை உடனே பிறப்பித்து, மற்ற கோரிக்கைகள் மீதும் ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் சார்பில்,
தலைவர், செயலாளர்.