கவர்னரின் கையெழுத்து

பிலிப்ஸ்-எயர் வழக்கைச் சட்டம் பயின்றவர் எவரும் அறிவர். ஒரு நாட்டில் இழைக்கப்பட்ட தீங்குக்கு மற்றொரு நாட்டின் நியாயஸ்தலத்தில் பரிகாரம் கேட்கலாமா என்ற கேள்விக்கு 1870-ல் நீதிபதி வில்ஸ் வகுத்த விதியை நாமும் பரீட்சைக்காக நெட்டுருப் போட்டோம். பிலிப்ஸ் யார், எயர் அவருக்குச் செய்தது என்ன என்று நமக்கு யாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. பரீட்சையில் மட்டும் தேறிவிட்டோம். அந்த விதிக்குப் பின்னால் நானூறுக்கு மேற்பட்ட பிணங்கள் கிடந்தன என்பதை அறிந்தது வெகு காலத்துக்குப் பிறகுதான்.

எட்வர்டு ஜான் எயர் 1815-ல் இங்கிலாந்தில் ஒரு பாதிரியாருக்கு மகனாகப் பிறந்தவர். பதினேழாம் வயதில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். 1841-ல் அக்கண்டத்தின் தென்கரையோரமாக, நீரற்ற பாலைவெளியில் அவர் நடந்து கடந்த யாத்திரை இன்றும் வியந்து பேசப்படுகிறது. வழியில் துணைவர் பாக்ஸ்டர் கொல்லப்பட்டார். கடைசிவரை உடன் நடந்தவன் வைலி என்னும் ஆதிகுடி இளைஞன் ஒருவனே. பிறகு மர்ரே நதிக்கரையில் மாஜிஸ்டிரேட்டாகவும், ஆதிகுடிகளின் பாதுகாவலராகவும் இருந்தார். வெள்ளையர் குடியேற்றத்தால் அம்மக்கள் அடைந்த துன்பத்தை 1845-ல் வெளியிட்ட தம் நூலில் பரிவோடு எழுதினார். ஆகவே பிறவியிலேயே கொடியவர் என்று அவரைத் தள்ளிவிட நம்மால் முடியவில்லை. அப்படித் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அது அவரை அனுப்பிய ஆட்சிக்கே அநுகூலமாக முடியும்.

நியூஜீலாந்திலும் ஸெயின்ட் வின்ஸென்டிலும் உத்தியோகம் பார்த்து, 1862-ல் ஜமெய்க்காவில் தற்காலிகக் கவர்னராகி, 1864-ல் நிலையான கவர்னரானார். அத்தீவில் அடிமைகள் முழு விடுதலை பெற்றது 1838-ல். கால் நூற்றாண்டு கழிந்தும் நிலம் தோட்ட முதலாளிகளிடமே இருந்தது. நாலு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களில் வோட்டுரிமை பெற்றவர் சில ஆயிரம் பேர்கூட இல்லை. மழை பொய்த்தது, அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தால் உணவுப் பண்டங்களின் விலை ஏறிற்று. 1865-ல் ஸெயின்ட் ஆன் பகுதி ஏழைகள் பயிரிடுவதற்குச் சர்க்கார் நிலம் வேண்டும் என்று விக்டோரியா மகாராணிக்கு விண்ணப்பித்தார்கள். கூலிக்கு உழைப்பதே உங்கள் கதிமோட்சம் என்ற பொருளில் சீமையிலிருந்து பதில் வந்தது. எயர் அதை அச்சிட்டு ஊர் ஊராக ஒட்டச் செய்தார். பசித்தவன் வாசலில் ஒட்டுவதற்கு எத்தனை அழகான காகிதம்!

அவ்வாண்டு ஆகஸ்டில் பால் போகிள் என்ற பாப்டிஸ்ட் சபை ஊழியர் குறைகளைச் சொல்ல வேண்டி ஊராருடன் நாற்பது மைலுக்கு மேல் நடந்து தலைநகர் வந்தார். கவர்னர் பார்க்க மறுத்தார். அக்டோபர் 11-ல் அதே போகிள் கூட்டத்துடன் மொரன்ட் பே கச்சேரிக்குச் சென்றபோது தொண்டர் படை சுட்டது. கூட்டம் கச்சேரியைக் கொளுத்திற்று; அதிகாரிகளும் படையினருமாகப் பதினெட்டுப் பேர் மாண்டனர். அக்கொலைகளை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கலகம் சில நாட்களில் அடங்கிய பிறகும் ராணுவச் சட்டம் ஒரு மாதம் நீடித்தது. 439 பேர் கொல்லப்பட்டனர். அறுநூறு பேருக்குக் கசையடி, பெண்களுக்கும் கூட. கசைகள் சிலவற்றில் கம்பி முறுக்கப்பட்டிருந்தது. ஆயிரம் குடிசைகள் சாம்பலாயின.

ஜார்ஜ் வில்லியம் கார்டனின் கதையை வக்கீல்கள் மறக்கலாகாது. வெள்ளைத் தோட்டக்காரருக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்த அவர், சட்டசபையில் கவர்னரைக் கண்டித்து வந்த அங்கத்தினர். கலகத்தன்று அவர் மொரன்ட் பேயில் இல்லை. அவர் இருந்த கிங்ஸ்டனில் ராணுவச் சட்டமும் இல்லை. சாதாரண நியாயஸ்தலங்கள் திறந்தே இருந்தன. அதனாலேயே எயர் அவரைக் கைது செய்து, கப்பலேற்றி, ராணுவச் சட்டம் அமலில் இருந்த மொரன்ட் பேக்கு அனுப்பினார். 21-ந் தேதி கீழ்நிலை அதிகாரிகள் மூவர் விசாரித்தார்கள். தண்டனைக்குக் கவர்னர் சம்மதித்தார். 23-ந் தேதி தூக்கு. மனிதனைச் சட்டம் உள்ள இடத்திலிருந்து சட்டம் இல்லாத இடத்துக்கு மாற்றிக் கொல்வதற்கு வேறு பெயர் நமக்குத் தெரியவில்லை.

ராயல் கமிஷன் வந்து சேருமுன்பே ஜமெய்க்கா சட்டசபை ஓர் இண்டெம்னிட்டி சட்டம் செய்தது. கலகத்தை அடக்க நல்லெண்ணத்தோடு செய்த காரியங்கள் யாவும் சட்டப்படி செய்தவையே என்பது அதன் சாரம். மசோதா சட்டமாவதற்குக் கவர்னரின் கையெழுத்து வேண்டும். எயர் கையெழுத்திட்டார். தம்மைச் சிறைப்பிடித்து அடித்துத் துன்புறுத்தியதாக நஷ்டஈடு கேட்ட பிலிப்ஸின் தரப்பினர், குற்றஞ்சாட்டப்பட்டவரே தமக்கு மன்னிப்பு எழுதிக்கொள்ளலாமா என்று லண்டனில் வாதித்தார்கள். வாதம் எடுபடவில்லை. அவ்விடத்துச் சட்டம் மன்னித்துவிட்டது. இவ்விடத்தில் வழக்கு இல்லை. இதுதான் நாம் நெட்டுருப் போட்ட விதி.

இங்கிலாந்து இரண்டாகப் பிரிந்தது. எயர் மீது கொலை வழக்குத் தொடர முயன்றவர் ஜான் ஸ்டூவர்ட் மில்; டார்வினும் ஹக்ஸ்லியும் ஸ்பென்ஸரும் அவர் பக்கம். எயருக்காக நின்றவர்கள் கார்லைல், ரஸ்கின், டிக்கென்ஸ், டென்னிஸன். இவர்களுடைய எழுத்தைக் கண்ணீரோடு படித்த நம்மவர் எத்தனை பேர்! 1867-ல் பிரதம நீதிபதி காக்பர்ன், கார்டனைக் கொன்றவர்கள் மீதான வழக்கில் ஆறு மணி நேரம் சட்டத்தை விளக்கினார். ஜூரிகள் கேட்டுவிட்டு வழக்கைத் தள்ளினார்கள். மறு வருஷம் எயருக்கும் அதே சலுகை கிடைத்தது.

ஜமெய்க்கா தூரம் என்று எண்ணும் வாசகர் 1919-ஐ நினைக்கட்டும். ஜாலியன்வாலா பாக்கில் ஏப்ரல் 13-ல் சுட்டார்கள். ஹண்டர் கமிட்டி ஒரு சாட்சியையேனும் விசாரிப்பதற்கு முன், செப்டம்பரிலேயே பஞ்சாப் அதிகாரிகளுக்கு இண்டெம்னிட்டி சட்டம் தயாராகிவிட்டது. மாளவியா மணிக்கணக்கில் எதிர்த்துப் பேசினார், சட்டம் நிறைவேறிற்று. டயருக்குச் சீமையில் நிதி திரட்டினார்கள், எயருக்கும் திரட்டியவர்கள்தாம்.

பார்லிமெண்டு 1872-ல் எயரின் வழக்குச் செலவைக் கொடுத்தது. 1874-ல் கவர்னருக்குரிய பென்ஷன் கிடைத்தது. அதை அநுபவித்து, 1901-ல் டெவன்ஷயர் கிராமத்தில் எண்பத்தாறாம் வயதில் அமைதியாக இறந்தார். சுதந்திர ஜமெய்க்காவின் பார்லிமெண்டு கூடும் கட்டடத்துக்குக் கார்டன் மாளிகை என்று பெயர். பிலிப்ஸுக்கு நஷ்டஈடு கிடைக்கவே இல்லை.