ஸ்பூன் கேட்ட சிங்கங்கள்

போன ஞாயிறு தில்லியில் ஒரு எத்தியோப்பிய உணவகம். நம்மாட்கள் மூணு குடும்பம். மேசை நடுவில் ஒரே பெரிய தட்டு; அதில் இஞ்சிரா விரித்து, மேலே மைசூர்ப் பருப்புக் குழம்பு, கடலைமாவுக் குழம்பு, கீரை.

"புளிச்சுப்போன தோசைங்க இது" என்றார் நண்பர். அடுத்து, "தனித்தட்டு, ஸ்பூன் கிடைக்குமா?"

புளிக்காத மாவில் தோசை சுடுவது எந்த ஊரில் சாமி? டெஃப் என்று கசகசா அளவில் ஒரு தானியம். அந்த மாவைக் கரைத்து ரெண்டு மூணு நாள் புளிக்கவிட்டு, ஒரு பக்கம் மட்டும் சுடுகிறார்கள். நம்ம ஆப்பம் மாதிரி கண்கண்ணாக வரும். சைவம் கிடைக்குமா என்று வழியெல்லாம் வேறு கவலை! எத்தியோப்பியக் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரதம். கறி, முட்டை, ஏன், பால்கூடக் கிடையாது.

எனக்குக் கோபம் அதில் இல்லை. இவர் சாம்பார் சாதத்தைக் கையால் பிசைந்ததைப் பார்த்து ஆபீஸ் கேன்டீனில் ஒருத்தன் சிரித்தானாம். போன மாசம் என் வீட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் புலம்பினார். அதே வாய்தான் இது. பரிமாறிய பெண்ணுக்குத் தமிழ் தெரியாதுதான். முகச்சுளிப்புக்கு மொழி வேண்டுமா?

அவர்கள் ஊரில் பிரியமானவர்களுக்குக் கையால் ஊட்டிவிடுவார்கள். குர்ஷா என்று பெயர். நமக்கும் நிலாச்சோறு உருட்டிக் கொடுத்த பாட்டிகள் இருந்தார்களே! இதைக் கேட்டதும் என் மகள் ஒரு துண்டு கிள்ளி, பருப்பைச் சுருட்டி, "மாமா, ஆ" என்று நீட்டினாள்.

"எச்சில்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஸ்பூன் வந்தது. அதை வைத்து இஞ்சிராவைப் பிய்க்க அவர் பட்ட பாடு இருக்கிறதே!